மாமியார் முறைத்த காட்சி

“எங்க அத்தை என்னை எதுக்கு முறைச்சாங்கன்னு எனக்கு இன்னைக்குத் தெரிஞ்சாகணும்” என்று சொல்லிக்கொண்டே அந்தக் கல்யாணப் பெண் தன் கைப்பேசியை என் கீபோர்டின் மேலேயே வைத்தாள். வைத்த வேகத்தில் ஏதோ ஒரு பொத்தான் அமுங்கி, காலையிலிருந்து நான் அடுக்கிக்கொண்டிருந்த வேறொரு வீட்டுக் கல்யாணம் திரையில் தலைதெறிக்க ஓட ஆரம்பித்தது. அதை நிறுத்திவிட்டுக் கைப்பேசியைப் பார்த்தேன். வீடியோவை ஓரிடத்தில் நிறுத்தி எடுத்த படம். ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணியின் முகம். புருவம் இரண்டும் நடுவில் வந்து மோதிக்கொண்டு நின்றன. உதடு இறுகியிருந்தது. இடுங்கிய கண்கள் படத்துக்கு வெளியே எதையோ குத்திக்கொண்டிருந்தன. போதாததற்கு யாரோ முகத்தைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் வேறு போட்டிருந்தார்கள். படத்தில் அந்த முகத்தைத் தவிர வேறு எதுவுமே கிடையாது.

மாப்பிள்ளையின் அம்மா. எனக்கு நன்றாகத் தெரிந்த முகம். இரண்டு வாரம் அதோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன். கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிற வேலையில் இருப்பவளுக்கு அந்தந்த வீட்டு முகங்கள் வீட்டுக்காரர்களைவிட அத்துப்படி. யார் மூக்கைத் துடைத்தார்கள், யார் யாரைக் கண்டு திரும்பிக்கொண்டார்கள் என்பதுவரை தெரியும். பெயர் மட்டும் தெரியாது.

“நீங்க ஏங்க கோவப்படறீங்க? கோவப்பட வேண்டியது நான்” என்றாள் கல்யாணப் பெண்.

நான் அதுவரை கோபப்படவே இல்லை. என் முகம் அப்படி. சும்மா இருந்தாலே யாரிடமோ சண்டைக்குக் கிளம்பிய மாதிரி இருக்கும். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். பட்டமளிப்பு அன்று எடுத்த படம் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. காலையிலிருந்து நின்று கால் வலி, தொப்பி நெற்றியைப் பிடிக்கிறது, அந்த முகத்துக்குள் இருந்த சமாசாரம் அவ்வளவுதான். வருகிறவர்களிடம் அம்மா, “அழுகைய அடக்கிக்கிட்டு நிக்கிறா பாருங்க எம் பொண்ணு” என்பாள். தம்பி, “போட்டோ எடுத்தவரை அடிக்கப் போறா” என்பான். பக்கத்து வீட்டம்மா ஒன்றும் சொல்லாமல் பார்த்துவிட்டு, தன் வீட்டுக்குப் போய், “படிச்ச திமிர்” என்பாள்; சுவர் மெல்லிசு, எல்லாம் கேட்கும். சந்தையில் மூட்டை இறக்குகிற என் அப்பாவுக்கும் அச்சு அசலாக இதே முகம்தான். அவரிடம் இருந்தால் அது உழைத்துக் களைத்த முகம். எங்கள் ஸ்டுடியோ ஓனரக்கா நெற்றியைச் சுருக்கினால் அவர் யோசிக்கிறார். நான் சுருக்கினால் மட்டும், “கொஞ்சம் சிரியேன்மா, காசா பணமா?” என்று தெருவில் போகிறவனுக்கெல்லாம் என் வாயின் மேல் உரிமை வந்துவிடும். ஒரு நாளைக்கு நாலு பேர் இப்படிச் சொன்னால் இல்லாத கோபமும் வந்துதானே தீரும்? வந்த பிறகு, “பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்” என்பார்கள்.

“என் மூஞ்சியே இதுதாங்க. உட்காருங்க” என்றேன்.

உட்கார இடம் தேட வேண்டியிருந்தது. எடிட்டிங் அறை என்பது சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேல் மாடியில் ஒரு நீள அலமாரி. அதற்குள் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, ஒரு மேசை, ஒரு பெரிய திரை, என்னுடைய நாற்காலி, சாய்மானம் உடைந்த இன்னொரு நாற்காலி. கீழே டியூபுக்குக் காற்றடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். நான் வெட்டிய காதல் காட்சிகள் பலவற்றில் உற்றுக் கேட்டால் அந்தக் காற்று இருக்கும்.

கல்யாணப் பெண் சாய்மானம் இல்லாத நாற்காலியில் பட்டென்று உட்கார்ந்தாள். மேடையில் பார்த்த அலங்காரம் எதுவும் இல்லை. தலையை அள்ளி முடிந்திருந்தாள். சிரிக்கும்போது முகம் முழுக்கச் சிரிக்கிற ஆள், அன்று முகத்தை இழுத்துப் பூட்டி வைத்திருந்தாள்.

“இதை எங்க அக்காதான் எடுத்து வட்டம் போட்டு குடும்ப குரூப்ல போட்டா. நான் சிரிக்கிறேன், அடுத்த நொடி அத்தை மூஞ்சி. நீங்களே பாருங்க.”

பார்க்க வேண்டியதில்லை. மேடையில் மோதிரம் மாட்டும்போது மாப்பிள்ளை கை நடுங்கி மோதிரத்தைக் கீழே விட்டார். அது உருண்டு சோபாவுக்கு அடியில் போனது. அவர் கோட்டோடு தரையில் ஊர்ந்து போய்த் தேடினார். பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மண்டபத்தில் பெரிய திரை வைத்து நேரடியாகக் காட்டியதால், கடைசி வரிசைவரை அவர் ஊர்ந்ததைப் பார்த்து உருண்டார்கள். ஹைலைட்ஸ் வீடியோவில் அந்தச் சிரிப்பு முடிந்த கையோடு மாமியாரின் முகம் வருகிறது. என் பிள்ளை தரையில் கிடக்கிறான், இவளுக்குச் சிரிப்பு என்ன வேண்டிக்கிடக்கு? முகம் அதைத்தான் சொல்கிறது. எனக்கே அப்படித்தான் கேட்டது.

“இந்த இடத்தை மாத்தச் சொன்னது நீங்கதான்” என்றேன். உள்ளதைச் சொல்வதற்கு எனக்குக் கூச்சமில்லை. “முதல்ல அனுப்பினதுல இங்க உங்க சிரிப்பு கிடையாது. நீங்க உங்க அப்பாவைக் கட்டிப்பிடிச்சு அவர் அழற ஷாட் இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் உங்க அத்தை. ‘அப்பா அழறது வேணாம், அவருக்கு வெக்கமா இருக்காம், அதுக்குப் பதிலா மோதிரக் காமெடி போடுங்க’ன்னு எழுதினீங்க. பாட்டு தாளத்துக்கு அளவு சரியா இருந்துச்சு, தூக்கிட்டுப் போட்டேன்.”

“அப்ப அத்தை என்னைப் பாத்து முறைக்கல?”

“உங்களைப் பாக்கவே இல்ல. அது வேற நேரம்.”

அவள் என்னைப் பார்த்த பார்வையில், நான் ஏதோ பிள்ளை பிடிக்கிறவள் என்று தெரிந்துபோயிற்று.

இதை எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் தொழில் முழுக்க இதுதான். மேடையில் கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது எல்லாக் கேமராவும் அங்கேயே பார்க்கும். கீழே கலங்கிப்போய் நிற்கிற சொந்தக்காரரை யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் வீடியோவில் யாராவது கலங்கியே ஆக வேண்டும். அதற்காகச் சாப்பாட்டுக்கு முன்னால், ஜனங்கள் சும்மா நிற்கிற நேரத்தில், எங்கள் கேமராக்காரர் ஒரு மூலையில் இருந்து நீள லென்ஸில் முகம் முகமாகச் சுட்டுத் தள்ளுவார். அதையெல்லாம் நான் பொறுக்கி, கம்ப்யூட்டரில் பிரித்து வைப்பேன். ‘பூரிப்பு’, ‘ஏக்கம்’, ‘நெகிழ்ச்சி’, ‘குறும்பு’ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபோல்டர். பல்லிடுக்கில் சிக்கியதை நாக்கால் துழாவிக்கொண்டிருந்த ஒரு பெரியப்பா, என் கையில் துக்கத்தை விழுங்குகிறவர் ஆகியிருக்கிறார். வாசலில் செருப்பைத் தேடியவர், மகள் போன திசையையே பார்த்து நிற்கும் தகப்பன் ஆனார். அந்த வீட்டில் அதைப் பார்த்து எல்லாரும் அழுததாகச் சொன்னார்கள். தும்மல் வரப்போகிற முகத்தைப் போலக் காதலுக்குப் பொருத்தமானது வேறு கிடையாது. இதுவரை ஒருவர்கூட, “அது நான் செருப்பு தேடினது” என்று வந்து நின்றதில்லை. தான் அப்படித்தான் உருகி நின்றோம் என்று அவர்களே நம்பிவிடுகிறார்கள்.

இந்த அம்மாளை நான் ‘நெகிழ்ச்சி’யில் போட்டிருந்தேன்.

“இதுவா நெகிழ்ச்சி?” என்றாள் பெண், சிவப்பு வட்டத்தைத் தட்டி.

“அன்னைக்கு அப்படித்தான் தெரிஞ்சுது.”

“இன்னைக்கு?”

“இன்னைக்கு நீங்க முறைப்புன்னு சொல்லிட்டீங்க. இனி எனக்கு வேற மாதிரி தெரியாது.”

கீழே ஒரு டியூப் வெடித்தது. இரண்டு பேரும் திடுக்கிட்டோம்.

அவள் கதையைச் சொன்னாள். கல்யாணம் முடிந்து இரண்டு பேரும் அவளுடைய அக்கா வீட்டில் தங்கியிருக்கிறார்கள். மாமியார் வீட்டு மாடி அறைக்குப் பெயிண்ட் வேலை நடந்துகொண்டிருந்தது. அது முடிந்து இந்த ஞாயிற்றுக்கிழமை அங்கே குடிபோவதாக ஏற்பாடு. இதற்கு நடுவில் வீடியோ வந்தது. ஏற்கெனவே பெண் வீட்டில் ஒரு முணுமுணுப்பு இருந்திருக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் அவளுடைய சித்தி தட்டோடு போய்ச் சம்பந்தியம்மா பக்கத்தில் உட்கார, அந்த அம்மா விருட்டென்று எழுந்து வேறு மேசைக்குப் போய்விட்டாராம். “அப்பவே சித்தி சொன்னாங்க, அந்தப் பொம்பளைக்கு மண்டைக்கனம்னு. நான்தான் சும்மா இரு சித்தின்னேன். இப்ப வீடியோவுல கையும் களவுமா மாட்டியிருக்காங்க. இந்த மூஞ்சிய எதிர்ல வச்சுக்கிட்டு நான் எப்படி அந்த வீட்ல சிரிக்கிறது? நான் சிரிக்காம இருக்க முடியாதுங்க. எனக்கு வராது.”

அவள் பயம் எனக்குப் புரிந்தது. சிரிக்கச் சொல்லி என்னை ஊரே வதைக்கிறது. சிரித்தால் வதைபடுவோமோ என்று இவளுக்கு.

“உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்?”

“அவரா? என்கிட்ட, ‘அம்மா மூஞ்சியே அப்படித்தான்’ங்கிறார். அங்க போய், ‘அவ சிரிப்பே அப்படித்தாம்மா’ன்னு சொல்லியிருக்கார். இப்ப நாங்க ரெண்டு பேருமே அவர்கிட்ட பேசறதில்ல. அதுல மட்டும் மாமியாரும் மருமகளும் ஒத்துமை.”

டீயோடு எங்கள் கேமராக்காரர் வந்தார். யார் படம் எடுத்தாலும் நடுவில் நடந்து போவதால் அவருக்குக் ‘குறுக்கே’ என்று பெயர். அப்போதும் எனக்கும் திரைக்கும் நடுவில் வந்துதான் நின்றார். “அண்ணே, இந்தம்மாவை எடுக்கிறப்போ அவங்க எதைப் பாத்துக்கிட்டிருந்தாங்க, ஞாபகம் இருக்கா?” என்று கேட்டேன். அவர் குனிந்து, ஒரு கண்ணை மூடி, முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

“ஃபோகஸ் நல்லாத்தானே இருக்கு?” என்றார்.

“ஃபோகஸ் இருக்கட்டும்ணே. கோவமா இருந்தாங்களா?”

“அதெல்லாம் நான் பாக்கிறதில்லம்மா. கண்ணு ஷார்ப்பா, மூக்கு ஷார்ப்பா, அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டு, டீயை வைக்க இடமில்லாமல் மருமகளின் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரத்தில் படிக்கட்டில் கனமான காலடி கேட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு அம்மா வந்தார். தடித்த கண்ணாடி, தோளில் அளவு நாடா, விரல் நுனியில் காய்ந்த வெள்ளைப் பெயிண்ட். ஏதோ கடையிலிருந்து நேராக வந்த தோற்றம். யாரென்று எனக்கு ஒரு நொடி பிடிபடவில்லை. இரண்டு வாரம் குடித்தனம் நடத்திய முகம் என்று பெருமையாகச் சொன்னேன், அதையே நேரில் தெரியவில்லை.

“இங்க வீடியோ வெட்டுறது யாரு?”

“நான்தான்.”

“என் மூஞ்சிய எடுத்துடு.”

“எந்த இடத்துலம்மா?”

“எல்லா இடத்துலயும். ஒண்ணு விடாம. எம் பையன் கல்யாணத்துக்கு நான் வரவே இல்லன்னு இருந்துட்டுப் போகட்டும்.” சொல்லி முடிக்கும்போது குரல் லேசாக வழுக்கியது. அப்போதுதான் வெளிச்சத்திலிருந்து வந்த கண் இருட்டுக்குப் பழகி, மூலையில் டீ கிளாஸோடு இருந்த மருமகளைப் பார்த்தார்.

மருமகள் கிளாஸோடு பாதி எழுந்து நின்றாள்.

“எப்ப வந்த?” என்றார் மாமியார்.

“இப்பதான் அத்தை.”

“சாப்டியா?”

“ம்.”

சண்டையில் இருந்தாலும் அதைக் கேட்காமல் விட முடியவில்லை போலிருக்கிறது. பிறகு கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் என் பக்கம் திரும்பினார். “நீ ஏம்மா இப்படி முறைக்கிற? நான் என்ன உன் சொத்தையா கேட்டேன்?”

“நான் முறைக்கலம்மா. என் மூஞ்சியே இதுதான்.”

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு என்னை நிதானமாகப் பார்த்தார். அந்த மாதிரி என்னை யாரும் பார்த்ததில்லை. கடையில் ஒரு தாழ்ப்பாளைத் திருப்பிப் பார்க்கிற மாதிரி, நல்லதா பழுதா என்று மட்டும்.

“எனக்கும் அதேதான்” என்றார். “ஆணி, பெயிண்ட், பூட்டு விக்கிற கடை. வந்தவன் போனவன் கடன் கேக்காம இருக்கணும்னு வச்ச மூஞ்சி, அப்படியே ஒட்டிக்கிச்சு. சொன்னா எவன் நம்புறான்?”

என் நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டு நான் ஹார்ட் டிஸ்க் பெட்டியின் மேல் உட்கார்ந்தேன். முகத்தை எடுப்பதற்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லி, வெட்டாத மூலத்தைத் திரையில் ஓட்டினேன். பாட்டு இல்லை, சிரிப்பு இல்லை, அப்பா இல்லை. வெறும் முகம் மட்டும் சில வினாடி. புருவம் நெருங்குகிறது. தாடை தூக்குகிறது. கண் இடுங்குகிறது.

“இது யாரு?” என்றார் மாமியார்.

மருமகள் என்னைப் பார்த்தாள். நான் மருமகளைப் பார்த்தேன்.

“நீங்கதான் அத்தை.”

“நானா? இந்தப் புருவம் என்னுதில்லையே.” கையால் தன் புருவத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை, நாலு நரைமுடி. “ஓ, அது அன்னைக்கு அலங்காரம் பண்ண வந்த பொண்ணு வரைஞ்சது. வேணாம்னேன், கேட்டாளா? ரெண்டு பக்கத்துப் பொம்பளைங்களுக்கும் வரிசையா உக்கார வச்சு ஒரே புருவத்தை இழுத்து விட்டா. இந்த வீடியோவ முன்னாடி போன்லதான் பாத்தேன். இத்துனூண்டு. என்னவோ கறுப்பா தெரிஞ்சுது. இவ்ளோ பெருசா இப்பதான் பாக்கிறேன்.” திரைக்கு அருகில் போய்த் தன் முகத்தையே உற்றுப் பார்த்தார். “முறைக்கத்தான் செய்றா. இல்லன்னு சொல்ல முடியாது. யாரைடி முறைக்கிறா இவ?”

“உங்களுக்கே தெரியலையா?” என்றாள் மருமகள். பூட்டு இன்னும் திறக்கவில்லை.

“சத்தியமா ஞாபகம் இல்லம்மா. அன்னைக்கு ஆயிரம் இருந்துச்சு மண்டைக்குள்ள.”

“ஞாபகம் இல்லன்னு சொன்னா எப்படி அத்தை? இது எனக்குப் போகாது. ஞாயித்துக்கிழமை வர்றப்போ இதையும் தூக்கிக்கிட்டுத்தான் வருவேன்.”

நல்ல பெண். உள்ளதைச் சொல்லிவிட்டாள். நான் வாயைத் திறந்து, முன்பு போலவே அப்பா அழுகிற ஷாட்டை ஒட்டிக் காட்டட்டுமா, நெகிழ்ச்சியாகிவிடும் என்றேன். அவள் வெடுக்கென்று திரும்பினாள். “அதுவும் நீங்க ஒட்டுறதுதானே? எனக்கு ஒட்டினது வேணாம்.”

அது என்னைச் சுட்டது. மூன்று வருஷம் படித்து, அதற்கப்புறம் இங்கே ஊரான் வீட்டு முகங்களை ஒட்டி ஒட்டி, ஒட்டாத ஒரு முகத்தை யாருக்காவது காட்டியிருக்கிறேனா என்று யோசித்தேன். யோசித்தபோதுதான் மூன்றாவது கேமரா நினைவுக்கு வந்தது. மண்டபத்துப் பின்சுவர் ஓரமாக ஒரு ஸ்டாண்டில் மாட்டி, காலையில் முடுக்கிவிட்டால் சாயங்காலம்வரை மொத்த மண்டபத்தையும் பார்த்துக்கொண்டிருக்கும். மற்ற கேமரா காலை வாரினால் ஒரு பாதுகாப்புக்கு. அதை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை; தலைகள், நாற்காலிகள், தூரத்தில் மேடை, அழகே கிடையாது. ஒட்டவும் முடியாது.

நான் உட்கார்ந்திருந்த பெட்டிக்குள்தான் அது இருந்தது. எழுந்து, தேடி, மாட்டினேன். இரண்டு கேமராவின் நேரத்தையும் சரிக்குச் சரி வைத்தேன். மாமியாரும் மருமகளும் இரண்டு பக்கமும் குனிந்து, என் தோள் மேலேயே ஏறி நின்றார்கள்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. கையெழுத்துக்கு முந்திய நேரம். ஜனங்கள் கூட்டம் கூட்டமாக நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். மேடை காலி. மேடைக்கு இடப்பக்கம் நேரடியாகக் காட்டுகிற பெரிய திரை. அதற்குச் சற்றுத் தள்ளி, கருநீல உடையில் ஒரு சின்ன உருவம் தனியாக, இடுப்பில் கை வைத்து, பெரிய திரையைப் பார்த்தபடி நிற்கிறது.

பெரிய திரையில் அந்த நேரத்தில் ‘குறுக்கே’ அண்ணனின் கேமரா எடுப்பதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு முகம். சுவர் அளவுக்கு ஒரே முகம். முறைக்கிறது.

எனக்கு முதலில் புரிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. ஓடட்டும் என்று விட்டேன்.

சின்ன உருவம் கழுத்தை முன்னால் நீட்டியது. பெரிய முகமும் நீட்டியது. சின்ன உருவம் தாடையைத் தூக்கியது. ஒரு கணம் கழித்துப் பெரிய முகமும் தூக்கியது. சின்ன உருவம் இன்னொரு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, வாடி பார்க்கலாம் என்பதுபோல ஓரடி முன்னால் போனது. சுவரில் இருந்த புருவங்கள் மோதிக்கொண்டன.

“ஐயோ” என்றார் மாமியார்.

“என்ன அத்தை?”

“ஐயய்யோ. அப்ப அது அவ இல்ல, நானா? கண்ணாடியில லைட் அடிக்குதுன்னு உங்க ஆளு கழட்டச் சொன்னாரும்மா. மேல ஒரு பொம்பளை மங்கலா தெரியுறா. என்னையே பாத்து முறைக்கிறா. யார்றா இவ, வந்த இடத்துல மரியாதை தெரியாம முறைக்கிறான்னு நானும் முறைச்சேன். நான் முறைக்க முறைக்க அவளும் விடாம முறைக்கிறா!” அவர் மூச்சு வாங்கினார். “புருவத்தை வச்சு உங்க சித்தின்னு நெனச்சேன்டி!”

மருமகள் திரையை விட்டு அவர் பக்கம் திரும்பினாள். “அதனாலதான் சாப்பாட்டுல எழுந்து போனீங்களா?”

“பின்ன? மேடைல இருந்து அந்த முறை முறைச்சவ, தட்டைத் தூக்கிக்கிட்டுச் சிரிச்சிக்கிட்டே பக்கத்துல வந்து உக்கார்றா. எப்படிப்பட்ட கல்லுளிமங்கின்னு நெனச்சு எழுந்து போயிட்டேன்.”

அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. மருமகள்தான் முதலில். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, மேசையில் தலையைக் கவிழ்த்து, தோள் குலுங்க, சத்தமே இல்லாமல். மேடையில் சிரித்த அதே சிரிப்பு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. மாமியார் அவளை ஒரு நொடி பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். புருவம் நெருங்கியது, உதடு இறுகியது, கண் இடுங்கியது. அதே முகம், இம்மி பிசகாமல். ஐயோ, போயிற்று என்று நினைத்தேன். அடுத்த நொடி அது அப்படியே உடைந்து, அவர் கண்ணாடியைக் கழற்றி, அளவு நாடாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “என்னையே நான்… என்னையே நான்…” என்றார். அதற்கு மேல் வரவில்லை.

“திரும்பப் போடுங்க” என்றாள் மருமகள் மேசைக்குள்ளிருந்து.

திரும்பப் போட்டேன். அந்த ஓரடி முன்னால் போகிற இடத்தில் மாமியாருக்கு விக்கல் எடுத்தது.

“என் மூஞ்சிய எடுக்க வேணாம்” என்றார், விக்கலுக்கு நடுவில். “இதையும் சேத்துப் போடு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போடு. உங்க சித்திக்கு நானே அனுப்பறேன்.”

“சித்தி நம்ப மாட்டாங்க அத்தை.”

“நம்பலைன்னா நேர்ல போய் முறைச்சுக் காட்டறேன்.”

மருமகள் தலையைத் தூக்காமலே, “ஞாயித்துக்கிழமை நான் வர்றப்போ கண்ணாடியப் போட்டுக்கிட்டு வாசல்ல நில்லுங்க. யாரோ வர்றான்னு நெனச்சு முறைக்கப் போறீங்க” என்றாள். மறுபடி இரண்டு பேருக்கும் தாங்கவில்லை. மாமியார் அவள் முதுகில் ஒரு அடி வைத்தார். பெயிண்ட் காய்ந்த விரல்கள் அங்கேயே இருந்துவிட்டன.

நான் சிரிக்கவில்லை. சிரித்தால் பெட்டி ஆடும். பெட்டிக்குள் நாலு கல்யாணம் இருந்தது. உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு, நெற்றியைச் சுருக்கி, மூச்சைப் பிடித்து அடக்கிக்கொண்டிருந்தேன். இதற்கு மேல் அடக்கினால் எங்காவது வெடிக்கும் என்ற நிலையில்தான் கதவு திறந்தது.

ஓனரக்கா. பின்னால், அவருக்கும் வெளிச்சத்துக்கும் குறுக்கே, குறுக்கே அண்ணன்.

அவர் கண்ணில் பட்டது இதுதான்: மேசையில் முகம் புதைத்துக் குலுங்குகிற கல்யாணப் பெண். அவள் முதுகில் கை வைத்து, கண்ணாடியைக் கழற்றி, கண்ணீர் வழிய விக்கிக்கொண்டிருக்கும் மாமியார். எதிரில், பெட்டி மேல் ஏறி உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு அவர்களை முறைக்கும் நான்.

“அடிப்பாவி” என்றார் ஓனரக்கா மெதுவாக. “என்னடி சொன்ன அவங்களை?”

நான் சொல்வதற்கு வாயைத் திறந்தால் தொலைந்தேன். மாமியாரைப் பார்த்தேன், அவராவது சொல்வார் என்று. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஓனரக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, கையை மட்டும் இல்லை, இல்லை என்று ஆட்டி, இன்னும் பலமாக விக்கினார். “அம்மா, நீங்க அழாதீங்கம்மா, நான் இவகிட்ட பேசிக்கிறேன்” என்று ஓனரக்கா ஓடி வந்து அவர் தோளைப் பிடித்தார். மருமகள் மேசைக்குள்ளிருந்து ஒரு சத்தம் போட்டாள். அதைக் கேட்டு ஓனரக்காவின் கண்ணும் கலங்கிவிட்டது. “டீ இன்னும் வேணுமா?” என்றார் குறுக்கே அண்ணன்.

கீழே யாரோ சைக்கிள் மணியை அடித்துப் பார்த்தார்கள். இவ்வளவு நேரம் யாரும் தொடாததால் கம்ப்யூட்டர் திரை தானாக அணைந்தது. கறுத்துப்போன கண்ணாடியில் எங்கள் ஐந்து பேரின் தலைகளும் மங்கலாகத் தெரிந்தன. நாலு தலை ஆடிக்கொண்டிருந்தது. ஓரத்தில் ஒருத்தி மட்டும் ஆடாமல் அசையாமல் என்னையே முறைத்துக்கொண்டிருந்தாள். யார் இவள், வந்த இடத்தில் என்று, நானும் ஒரு முறை முறைத்தேன்.